பால்மா டின்னுக்குள் மானாவரி மண்

எங்கள் வீட்டில் நனையக்கூடாத எதுவும் பால்மா டின்னுக்குள்தான் போகும். நெருப்புப்பெட்டி, புகையிலை, அடையாள அட்டை, எதுவானாலும். மூடியை அழுத்திப் பூட்டி, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிக் கழுத்தைச் சுற்றி இறுக்கி, அதற்கு மேல் நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவோம். தோணி புரண்டாலும் டின் மிதக்கும், உள்ளே இருப்பது காய்ந்தபடி இருக்கும். எங்கள் ஊரான உடப்பில் கரைவலை இழுக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படிக் கட்டிய டின் ஒன்று மூலையில் கிடக்கும். எங்களுக்கு அது பழகிய சாமான். யுத்த காலத்தில், ஒரு சோதனைச்சாவடியில், அது வேறு ஒருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

அந்த வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சைவசமயம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவன் நான்தான். அப்பா காலமான பிறகு, அண்ணன் பாதிப் படிப்போடு வலைக்குப் போனான். அவன் போனபடியால் நான் பள்ளிக்கூடம் போனேன். மறுநாள் படிப்பிக்க வேண்டிய பாடத்தை முதல்நாள் பின்னேரம் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்பா. அண்ணன் பாயில் படுத்துக்கொண்டு, "மாஸ்டர், கொஞ்சம் மெல்லமா. இராமர் வந்து எழுப்பும் வரைக்கும் நான் நித்திரை கொள்ளோணும்" என்பான்.

அன்றைக்கு நான் சொன்னது முன்னேஸ்வரத்தின் கதை. இராவணனைக் கொன்றுவிட்டு இராமர் புஷ்பக விமானத்தில் திரும்பிப் போகிறார். வெற்றிதான். ஆனால் இராவணன் பிராமண குலத்தில் வந்தவன். அவனைக் கொன்ற பாவம் பிரம்மஹத்தி தோஷமாகி, நிழல் மாதிரி விமானத்துக்குப் பின்னாலேயே வருகிறது. வேகமாகப் போனாலும் வருகிறது, மெதுவாகப் போனாலும் வருகிறது. விமானம் முன்னேஸ்வரத்துக்கு மேலே வந்ததும் இராமர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் ஒன்றும் இல்லை. விமானத்தை இறக்கி அங்கே சிவனைக் கும்பிடுகிறார். சிவன் சொல்கிறார், நாலு இடத்தில் லிங்கம் வைத்துப் பூசை செய், தோஷம் அடியோடு போகும் என்று. முதலாவது எங்களுக்குப் பக்கத்திலேயே, தெதுறு ஓயா கடலோடு சேரும் பக்கத்தில் இருக்கிற மானாவரி. இராமர் கையால் மண்ணைப் பிடித்துச் செய்த லிங்கம் என்றபடியால் அந்த மண்ணுக்கே ஒரு மரியாதை.

"மற்ற மூண்டும் எங்க?" என்று அம்மா கேட்டா.

"ரெண்டாவது திருக்கோணேஸ்வரம், பிறகு திருக்கேதீஸ்வரம், கடைசி இராமேஸ்வரம்."

சொல்லும்போதே எனக்கு ஒன்று பட்டது. கோணேஸ்வரம் கோட்டைக்குள், இராணுவ முகாமைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. கேதீஸ்வரப் பக்கம் ஒருவரும் போக முடியாது. இராமேஸ்வரம் கடலுக்கு அந்தப் பக்கம். நாலில் எங்கள் கைக்கு எட்டியது மானாவரி மட்டும்தான். அண்ணன் அப்போது எழும்பி உட்கார்ந்திருந்தான். அவன் வேறு காரணத்துக்காகக் கதையைக் கவனித்திருந்தான். எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் முந்தி எங்கள் ஆட்கள் கிழக்குக் கரைக்கு வலை இழுக்கப் போவார்கள். யுத்தம் வந்ததோடு அது நின்றுபோயிற்று. அந்த வருடம் திருகோணமலைப் பக்கத்துச் சம்மாட்டி ஒருவர், அதாவது வலைக்குச் சொந்தக்காரர், இப்போது பிரச்சினை இல்லை, வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் போக முடிவெடுத்திருந்தான்.

அம்மா மீனைக் கழுவினா. அவ மனதுக்குள் ஒரு நேர்த்தி உருவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் அம்மா மானாவரிக்குப் போய்வந்தா. கோயில் முற்றத்து மண்ணைக் கும்பிட்டு அள்ளி, கற்பூரமும் திருநீறும் கலந்து, பால்மா டின்னுக்குள் போட்டிருந்தா. வழக்கமான கட்டுத்தான். ஆனால் சாமி காரியம் என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக. டியூப் நாடா இரட்டைச் சுற்று.

"இராமர் போன வழியில நீயும் போறாய். இத கோணேசர் மலையில இருந்து கடல்ல போடு. அங்கத்த மண்ணுல ஒரு பிடி எனக்குக் கொண்டு வா."

அண்ணன் டின்னைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தான். "என்னம்மா இது, கடல்ல விழுந்தா மிதக்காதே!"

"கடல்ல போடத்தானே கொண்டுபோறாய். பிறகு என்னத்துக்கு மிதக்கோணும்?"

"இதுக்கு எதுக்கு இப்பிடி ஒரு கட்டு?"

"மழை பெய்யும். பஸ்ஸில சனம் மிதிக்கும். சாமி மண்ணு." அதோடு கதை முடிந்தது. அண்ணன் அதைத் தன் பையில், வலை ஊசி, நூல்கண்டு, வலையில் கட்டும் ஈயங்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

விடிந்ததும் போய்விட்டான். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது மீன் லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. அது கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகிற லொறி. போன லொறி திரும்பி வரக் காரணமே இல்லை. கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் டிரைவர் ஒருவர், எங்கள் கரையில் எல்லாருக்கும் பழக்கமானவர், அம்மாவை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிறவர், இறங்கி வந்தார்.

"லாத்தா, பதறாதீங்க. ஒங்கட மூத்த மகன தெதுறு ஓயா பாலத்தடில நிப்பாட்டி வெச்சீக்கி. பேக்குக்குள்ள குண்டு ஈக்கிதாம் எண்டு ரோட்டையே மூடிட்டானுகள். தம்பி, நீங்களும் வாங்க. நல்லா சிங்களம் கதைக்கிற ஆள் வேணும்."

அம்மா கேட்டது ஒன்றுதான். "உயிரோட இருக்கிறானா?"

"அல்லாட காவல், நல்லா ஈக்கிறார். முட்டுக்கால்ல வெச்சீக்கி. அவ்ளோதான்."

லொறியின் முன்பக்கத்தில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். பின்னால் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. அன்றைய மீனின் விலை அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஆள் எங்கே என்று பிறகு தெரியாமலே போன காலம் அது. எங்கள் ஊரிலும் ஒரு வீடு அப்படிக் காத்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டா. அண்ணனைப் பாலத்திலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக முதல் நாங்கள் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பாலத்துக்கு வெகு முன்னாலேயே வாகனங்கள் வரிசையாக நின்றன. இறங்கி நடந்தோம். கிட்டப் போனதும் நான் கண்ட காட்சியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. ரோட்டு ஓரத்தில், எல்லாரையும் விலக்கிய வெறும் இடத்தில், எங்கள் பால்மா டின் தனியாக நின்றது. அதைச் சுற்றி அரை வட்டமாக மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். அம்மா அள்ளிய ஒரு டின் மண்ணுக்குக் காவலாக, மூட்டை மூட்டையாக மண். மூட்டைகளுக்குப் பின்னால் ஆமிக்காரர்கள் தலையைத் தாழ்த்தி இருந்தார்கள். குண்டு எடுக்கிற ஆட்கள் முகாமிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்களாம். கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, அண்ணன் வெயிலில் முட்டுக்காலில் இருந்தான். சட்டைப் பொத்தான் எல்லாம் அறுந்திருந்தது.

எங்களைக் கண்டதும் கத்தினான். "வராதீங்கோ! அம்மாவக் கூட்டிப் போடா!"

அம்மா ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தா. "மகே புத்தா!", என் மகன், என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனா. ஒருவன் துவக்கை நிமிர்த்தினான். நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, மற்றக் கையைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மரியாதையான சிங்களம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

பொலிஸ் சார்ஜன் ஒருவர் எங்களிடம் வந்தார். நடுவயது, ஒரு பக்கக் காதில் பழைய காயம். என் அடையாள அட்டையையும், பள்ளிக்கூடம் தந்த கடிதத்தையும் பார்த்தார். இதற்குப் பிறகு நடந்த கதை எல்லாம் சிங்களத்தில்தான்.

"நீ வாத்தியாரா?"

"ஓம் சேர். அது என்ட அண்ணன். அந்த டின்னுக்குள்ள மண் சேர். கோயில் மண்."

"அதத்தான் அவனும் சொல்றான். கோவில் வெலி, கோவில் வெலி எண்டு. சந்தையில மீன் ஏலம் கூறுற மாதிரிக் கத்துறான். பையில ஈயம். நூல். போற இடம் திருகோணமலை. மண்ண யாராவது இப்பிடிக் கட்டுவாங்களா?"

நான் தோணியைப் பற்றி, நெருப்புப்பெட்டியைப் பற்றி, டியூப் நாடாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

"சரி, மண் எண்டே வை. திருகோணமலையில மண் இல்லையா? இங்கயிருந்து ஏன் கொண்டுபோகோணும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதென்றால் இராமர் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். துவக்கு வைத்திருக்கிற ஆட்களுக்கு நடுவில், வெயிலில், ஒரு சிங்களப் பொலிஸ்காரருக்கு இராவணன் செத்த கதை. வேறு வழி தெரியவில்லை. வகுப்பில் சொல்வது மாதிரியே தொடங்கினேன். "இராமர் இராவணனைக் கொன்ற பிறகு" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"நில்லு. இராவணன் எங்கட நாட்டு ராசா. தெரியுமா?"

"தெரியும் சேர்."

"உங்கட சாமி எங்கட ராசாவக் கொன்றிருக்கிறார். அதுக்கு நீங்க கோயில் கட்டிக் கும்பிடுறீங்க."

பின்னால் ஆமிக்காரப் பெடியன் ஒருவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கதையைத் தொடங்கியதே பிழையோ என்று எனக்குப் பட்டது. ஆனால் கதையில் அடுத்து வருவது எனக்குத் தெரியும். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

"கொன்றபடியால்தான் சேர் அவருக்குத் தோஷம் பிடிச்சது. சாமி எண்டும் பார்க்கேல்ல. யுத்தத்தில வெண்டவர் எண்டும் பார்க்கேல்ல. பின்னாலேயே வந்தது. முன்னேஸ்வரத்துக்கு வந்த பிறகுதான் நின்றது. அதுக்காகத்தான் அந்த இடத்தில கோயில்."

அவருக்கு முன்னேஸ்வரம் தெரியும். அந்தப் பக்கத்தில் அதைத் தெரியாத சிங்களவர் இல்லை, அங்கே இருக்கிற காளி கோயிலுக்கு நேர்த்தி வைத்து வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அவர் முகம் இலேசாகவில்லை. ஆனால் கேட்கத் தொடங்கினார். நாலு லிங்கங்களையும் மானாவரியையும் சொல்லி முடித்தேன். முதலாவது இடத்து மண்ணை இரண்டாவது இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் பாலத்தின் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பிராமணரைக் கொன்றால் மட்டுமா அது வாறது? சாதாரண ஆளைக் கொன்றால்?"

பாடப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. பதில் தெரியாமல் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். அம்மாவுக்கு வந்த கோபம்!

"இப்பவாடா இதெல்லாம் கேள்வி? முதல்ல என்ட பிள்ளைய எழுப்பச் சொல்லு! வெயில்ல முட்டுக்கால்ல இருக்கிறான், நீங்க ரெண்டு பேரும் புராணம் படிக்கிறீங்க!"

"என்ன சொல்றா?" என்றார் சார்ஜன்.

"மகனை எழுப்பச் சொல்றா சேர்."

"என்ட கேள்விக்கு?"

"எனக்குச் சரியாத் தெரியாது சேர்," என்றேன். பிறகு மனதில் பட்டதைச் சொன்னேன். "செத்தவர்ல பிழை இருந்தும் தோஷம் வந்தது எண்டுதான் கதை. அப்ப ஆரைக் கொன்றாலும் வரும் எண்டு நினைக்கிறன். ஆனா போகவும் செய்யும். அதுவும் கதையில இருக்கு."

அவர் காதுக் காயத்தைத் தடவினார்.

அம்மா அதற்குள் பொறுமை இழந்துவிட்டா. அரைகுறைச் சிங்களத்தில் அவரிடமே நேராகக் கதைத்தா. தானே கட்டியது, தானே அவிழ்க்கிறேன் என்று கையால் காட்டினா. ஆமிக்காரர்கள் கூடாது என்றார்கள். குண்டு எடுக்கிற ஆட்கள் வரட்டும் என்றார்கள். அவர்கள் வந்தால் டின்னை வெடிக்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள், அண்ணனை அதற்கு முன்பே வாகனத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். நான் சார்ஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி," என்றார் அவர். "அம்மா அவிழ்க்கட்டும். மற்ற எல்லாரும் பின்னுக்குப் போங்க."

எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் பாதித் தூரத்தில் நின்றார். நானும் போகவில்லை.

அம்மா மண்மூட்டையைத் தாண்டிப் போய் டின்னுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தா. மீன் வெட்ட உட்காருகிற மாதிரித்தான். கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்தா. டியூப் நாடா இரட்டைச் சுற்று, தானே போட்ட சுற்றுத் தனக்கே வரவில்லை. "சனியன்," என்று சொல்லிக்கொண்டா. சாமி மண்ணைச் சொல்கிறாவா, நாடாவைச் சொல்கிறாவா என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. நாடா பட்டென்று கழன்றபோது மண்மூட்டைக்குப் பின்னால் அத்தனை தொப்பியும் ஒரே நேரத்தில் கீழே போயின.

மூடி திறந்தது. கற்பூர வாசனை எனக்கு வந்தது. அம்மா டின்னைச் சரித்துக் காட்டினா. வெள்ளை மண் ரோட்டில் கொஞ்சம் கொட்டியது. அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது நின்ற பஸ்ஸுக்குள் இருந்த யாரோ. பிறகு எல்லாரும். என்னைப் பார்த்துக் கெட்ட சிரிப்புச் சிரித்த அந்தப் பெடியனும் சிரித்தான். இந்த முறை ஒரு குழந்தை மாதிரி, மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அவனும் இவ்வளவு நேரம் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

அண்ணனின் கட்டை அவிழ்த்தார்கள். எழும்ப முயன்றவன் கால் மரத்துப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டான். நான் போய்த் தோளில் கைபோட்டுத் தூக்கினேன். அப்போதும் அவன் வாய் மட்டும் நிற்கவில்லை.

"மாஸ்டர், நல்ல பாடம். ஆனா கொஞ்சம் நீட்டிப்போட்டீங்க."

அம்மா ரோட்டில் கொட்டிய மண்ணைச் சேலைத் தலைப்பால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தா. சார்ஜன் கிட்டப் போனார். அவருடைய சப்பாத்து மண்ணின் மேல் பட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தா. அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். அண்ணனின் அடையாள அட்டையை என்னிடம் தந்துவிட்டு, திருகோணமலைக்குப் போகலாம், தடை இல்லை என்றார். அம்மாவுக்கு அதைச் சொன்னேன்.

"இண்டைக்கு வேண்டாம். கோணேசர் எங்கயும் ஓடமாட்டார்."

நாங்கள் திரும்பும்போது சார்ஜன் என்னைக் கூப்பிட்டார். "மானாவரி எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

டிரைவருக்கு ஐஸ் பாதி போயிருந்தது. கொழும்புக்கு ஓட வேண்டும். "லாத்தா, இனி மண்ணக் கொண்டுபோறதெண்டா எனக்கிட்டச் சொல்லுங்க. மீனுக்கு மேலாலே போட்டுக் கொண்டுபோறேன்," என்று சொல்லி, கைகாட்டிவிட்டு, பாலம் திறந்ததும் லொறியை எடுத்தார். நாங்கள் சிலாபம் பக்கமிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஏறினோம். பின்சீட்டு மூன்று பேருக்கும் கிடைத்தது. அண்ணனுக்கு வழிக்கு என்று அம்மா காலையில் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியை அவன் பஸ்ஸிலேயே பிரித்துச் சாப்பிடத் தொடங்கினான். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மா மடியில் டின். மூடி மட்டும் போட்டிருந்தா, நாடா இல்லை.

"அடுத்த முறை சொப்பிங் பேக்கில கட்டித் தாறன்," என்றா. "உள்ளுக்கு இருக்கிறது வெளியால தெரியட்டும்."

"அடுத்த முறையுமா?" என்றான் அண்ணன், வாய் நிறையச் சோற்றோடு.

"நேர்த்தி நேர்த்திதானே."

பஸ் வேகமெடுத்ததும் அம்மா ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியால் பார்த்தா. "பின்னால ஆராவது வாறாங்களா பார்," என்றா என்னிடம். நானும் திரும்பினேன். அண்ணனும் திரும்பினான். பாலத்தில் மறித்து வைத்திருந்த அத்தனை வாகனங்களும், பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும், ஹோர்ன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குள் ஆமி ஜீப் எதுவும் இல்லை.

"ஒண்டும் வரேல்ல அம்மா," என்றேன்.

அம்மா முன்னுக்குத் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தா.